வைப்பர் மட்டும் நன்றாக வேலை செய்தது

பட்டாளம் பட்டாளத்தில் இருந்தவர் அல்ல. இருபத்தொரு வயதில் ஆள் எடுப்புக்குப் போய், உயரம் அளக்கும் கம்பத்தடியில் அரை அங்குலம் குறைந்து, மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பியவர். காலையில் கை குலுக்கி வழியனுப்பிய தெருக்காரர்கள் சிரிக்காமல் இருக்க ரொம்பப் பாடுபட்டார்கள். பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. முப்பது வருஷம் கழித்து அவர் ஏலத்தில் ஒரு பழைய ராணுவ லாரியை எடுத்தபோது, அது தேனீப் பெட்டிகளை மலைக்கு ஏற்றிப் போகத்தான் என்று சொன்னார். யாரும் மறுத்துப் பேசவில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை அந்த லாரி டிராக்டருக்குப் பின்னால் இரும்புச் சங்கிலியில் தொங்கிக்கொண்டு அவருடைய தங்கை புருஷனின் லேத்துப் பட்டறைக்கு வந்து சேர்ந்தது. பட்டறை என்று சொன்னால் தகரக் கூரை, இரண்டு லேத்து, ஒரு டிரில்லிங் மிஷின், எண்ணெய் குடித்துக் கறுத்த ஒரு மர பெஞ்சு. லேத்துக்காரர் அங்கே இருபத்தாறு வருஷமாக பம்பு ஷாஃப்ட்டும் புஷ்ஷும் கடைந்துகொண்டிருந்தார். மடியில் வைத்துக்கொள்ள முடியாத வேலை எதையும் அதுவரை அவர் எடுத்ததில்லை. லாரி பட்டறை வாசலில் நின்றதும் உள்ளே வெளிச்சம் பாதியாகிவிட்டது.

"எப்படி இருக்கு மாப்பிள்ளை?"

"பெருசா இருக்கு மச்சான்."

பட்டாளம் அவர் கையைப் பிடித்து ஒரு சுற்று சுற்றிக் காட்டினார். மூக்கு நீண்ட பச்சை லாரி. நாலு சக்கரமும் இழுக்கும். ஓட்டுநர் பக்கக் கதவில் ஒரு ஓட்டை இருந்தது. குண்டு பாய்ந்தது என்றார் பட்டாளம். லேத்துக்காரர் குனிந்து பார்த்தார். எட்டு எம்.எம். டிரில் பிட்டால் போட்ட ஓட்டை. நிமிர்ந்து மறு பக்கம் பார்க்கப் போனார்.

"எல்லாம் சரி, எஞ்சின்தான் பெட்ரோலு. லிட்டருக்கு ரெண்டு கிலோமீட்டர் போகுது. அதுவும் இறக்கத்துல. இதைக் கழட்டிப் போட்டுட்டுப் புது டீசல் எஞ்சின் ஒண்ணு வச்சிருவோம் மாப்பிள்ளை. உங்க கைக்கு இதெல்லாம் ஒரு வேலையா?"

"பார்க்கலாம் மச்சான்" என்றார் லேத்துக்காரர்.

இந்தப் 'பார்க்கலாம்' விஷயத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். லேத்துக்காரருக்கு முடியாது என்ற சொல் வாயில் வராது. அதனால் முடியாத இடத்திலெல்லாம் பார்க்கலாம் என்பார். ஊரில் எல்லோருக்கும் அது புரியும். கும்பிட்டுவிட்டு வேறு பட்டறைக்குப் போய்விடுவார்கள். பட்டாளத்துக்கு மட்டும் புரியாது. அவர் அதைச் சம்மதம் என்றே எடுத்துக்கொள்வார். கல்யாணமான நாளிலிருந்து இப்படித்தான். பட்டாளத்தின் வீட்டுக்கு மாடிப்படி வந்ததும், கிணற்று மோட்டார் மூன்று தடவை மேலே வந்து கீழே போனதும் எல்லாம் பார்க்கலாம் என்று சொல்லப்பட்ட வேலைகள்.

பட்டாளத்துக்கு லாரி தேவை என்பது மட்டும் உண்மை. எண்பத்திரண்டு தேனீப் பெட்டி வைத்திருந்தார். இன்னும் பத்து வாரத்தில் மலைச்சரிவில் மரங்கள் பூக்கும். பூ இருபது நாள் நிற்கும். அந்த இருபது நாளில் கிடைக்கும் தேன்தான் வருஷத்துக்கும் சோறு. போன வருஷம் வாடகை லாரியில் ஏற்றிப் போனபோது வழியில் ஒரு பெட்டி மூடி நழுவிவிட்டது. டிரைவர் பதினோரு இடத்தில் கொட்டு வாங்கிக்கொண்டு, நடு ரோட்டில் லாரியை விட்டு இறங்கி, திரும்பிப் பார்க்காமல் நடந்து போய்விட்டார். அதற்குப் பிறகு பட்டாளம் போன் செய்தால் லாரிக்காரர்கள் எடுப்பதில்லை.

அடுத்த வாரமே எஞ்சின் வந்தது. பழைய இரும்பு வியாபாரியிடம் பட்டாளமே போய்ப் பார்த்து எடுத்திருந்தார்.

"மூணு வருஷ வண்டி மாப்பிள்ளை. முப்பத்தெட்டாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு. பின்னாடி இடிச்சு வண்டி மடங்கிடுச்சு. எஞ்சின்ல ஒரு கீறல் இல்ல."

"என்ன வண்டி மச்சான்?"

பட்டாளம் கொஞ்சம் மழுப்பினார். "வேன்தான்."

"என்ன வேன்?"

"அமரர் ஊர்தி."

லேத்துக்காரர் எஞ்சினைப் பார்த்தார். சுத்தமாகத்தான் இருந்தது.

"அதை யாரும் விரட்டி ஓட்டியிருக்க மாட்டாங்க மாப்பிள்ளை" என்றார் பட்டாளம். "அதை யோசிச்சுத்தான் எடுத்தேன்."

பழைய எஞ்சினை இறக்க ஒரு நாள் ஆனது. புது எஞ்சினை ஏற்ற ஐந்து வாரம் ஆனது. லாரியின் கியர்பாக்ஸ் ஒரு காலத்து ஆட்கள் செய்தது, எஞ்சின் இன்னொரு காலத்து ஆட்கள் செய்தது; இரண்டும் ஒன்றை ஒன்று சந்திக்கும் என்று இரண்டு தரப்பாரும் நினைத்திருக்கவில்லை. நடுவில் ஒரு தடித்த இரும்புத் தட்டு வேண்டும். அதில் ஒரு பக்கம் எஞ்சினின் போல்ட் வரிசை, மறு பக்கம் கியர்பாக்ஸின் போல்ட் வரிசை, இரண்டுக்கும் மையம் ஒரு தலைமுடி அளவுகூட விலகக் கூடாது. லேத்துக்காரருக்கு இந்த வேலை பிடித்துவிட்டது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. பம்பு ஷாஃப்ட் கொண்டு வந்தவர்களை நாளைக்கு வரச் சொன்னார். ஒன்பது நாள் அளந்து, குறித்து, கடைந்து, பதினெட்டுத் துளை போட்டு, அரம் பிடித்து, துடைத்து, தூக்கிக்கொண்டு போய் வைத்துப் பார்த்தார். ஒரு துளைகூடப் பொருந்தவில்லை.

தட்டில் குற்றமில்லை. குறித்த பக்கம்தான் தப்பு. கண்ணாடியில் பார்த்த முகம் மாதிரி எல்லாம் இடம் வலமாக மாறி இருந்தது.

சாயங்காலம் சாப்பாட்டு டப்பாவை வாங்கிப் போக வந்த மனைவி, பெஞ்சில் உட்கார்ந்திருந்த புருஷனையும் எதிரே சாய்த்து வைத்திருந்த தட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் ஆஸ்பத்திரியில் மிஷின்களைப் பழுது பார்க்கிறவள். இதயத் துடிப்பு பார்க்கிறது, மூச்சு விட வைக்கிறது, சளி உறிஞ்சுகிறது எல்லாம் அவள் கையில்தான். தட்டை ஒரு நிமிஷம் பார்த்தவுடன் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"அண்ணன் பார்த்துட்டாங்களா?"

"இல்ல."

அவள் ஒரு பழைய சாக்கை எடுத்துத் தட்டின் மேல் போட்டு மூடிவிட்டு, டப்பாவை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

இரண்டாவது தட்டு ஆறு நாளில் முடிந்தது. பொருந்தியது. அப்புறம் எஞ்சினின் அடியிலிருக்கும் எண்ணெய்த் தொட்டி லாரியின் முன் ஆக்ஸிலில் இடித்தது. தொட்டியை அறுத்துப் பக்கவாட்டில் வளர்த்து வெல்டிங் வைத்தார். ரேடியேட்டர் முட்டியது, அதை நாலு விரல் முன்னால் தள்ளினார். பழைய எஞ்சினிலிருந்து அறுந்து தொங்கிய குழாய்களில் எது எதற்கு என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, வேண்டியதைப் புது எஞ்சினோடு சேர்த்து, வேண்டாததன் வாயில் போல்ட் ஒன்றை முறுக்கி அடைத்தார். பட்டாளம் தினமும் பத்து மணிக்கு வந்து, இன்னும் எத்தனை நாள் என்று கேட்காமல், ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போனார். கேட்டிருந்தால் பரவாயில்லை என்று லேத்துக்காரருக்குத் தோன்றியது.

எல்லாம் மாட்டி முடித்து முதல் தடவை திருகியபோது எஞ்சின் இரண்டு விநாடி ஓடியது. அப்புறம் நின்றுவிட்டது. மறுபடி திருகினார்கள். இரண்டு விநாடி. மறுபடியும் இரண்டு விநாடி. கடிகாரம் வைத்துக்கொண்டு நின்ற மாதிரி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மனைவி லேப்டாப்போடு வந்தாள். சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, எஞ்சினோடு வந்த கம்ப்யூட்டர் பெட்டியில் ஒயரைச் செருகி, கொஞ்ச நேரம் படித்தாள். ஆண்கள் இருவரும் கீழே நின்றார்கள்.

"இது தன்னோட சாவியைக் கேக்குது" என்றாள். "சாவித் தலைக்குள்ள ஒரு சில்லு இருக்கும். அது பக்கத்துல இருந்தாதான் ஓடும். இல்லாட்டி வண்டி திருட்டுப் போகுதுன்னு நினைச்சுக்கும்."

"அதை யாரும்மா திருடப் போறாங்க?" என்றார் பட்டாளம்.

"அது அதுக்குத் தெரியாது அண்ணே."

அவள் இன்னும் கொஞ்சம் படித்தாள். புருவம் சுருங்கியது. "எத்தனை கிலோமீட்டர்னு சொன்னீங்க?"

"முப்பத்தெட்டாயிரம்."

"சரிதான். எஞ்சின் ஓடின நேரம் ஆறாயிரத்துத் தொள்ளாயிரம் மணி."

அவள் மனக்கணக்குப் போட்டாள். "மணிக்கு அஞ்சரை கிலோமீட்டர்."

"நடந்தாலே அவ்வளவு போகலாமே" என்றார் லேத்துக்காரர்.

விஷயம் இதுதான். அந்த வேனின் பின்னால் குளிர்பெட்டி இருந்தது. குளிர்பெட்டி ஓட எஞ்சின் ஓட வேண்டும். மூன்று வருஷமாக அந்த எஞ்சின் துக்க வீட்டு வாசல்களில் நின்ற இடத்தில் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. உள்ளே அழுது முடித்து, வெளியூர் ஆட்கள் வந்து சேர்ந்து, எல்லாம் ஆகும்வரை.

"நின்னுட்டேதானே இருந்துச்சு, அதுக்கு என்ன களைப்பு இருக்கப் போகுது" என்றார் பட்டாளம்.

"நின்னுட்டே ஓடினாதான் கரி சேரும்" என்றாள் தங்கை.

லேத்துக்காரர் காற்று போகும் பாதையைக் கழற்றிப் பார்த்தார். விரல் நுழையும் அளவுக்குத்தான் வழி இருந்தது; மீதியெல்லாம் கரி. பட்டாளமும் அவரும் இரண்டு நாள் சுரண்டினார்கள். ஒரு வாளி நிரம்பியது. இருவர் முகத்திலும் பல் மட்டும் வெள்ளையாக இருந்தது.

சாவிக்காகப் பட்டாளம் பழைய இரும்பு வியாபாரியிடம் ஓடினார். வியாபாரி ஒரு பெயின்ட் டப்பாவைக் கொடுத்தார். அவர் உடைத்த அத்தனை வண்டியின் சாவியும் அதில் இருந்தது. மறு ஞாயிற்றுக்கிழமை பட்டாளம் ஒவ்வொரு சாவியாக எடுத்து கம்ப்யூட்டர் பெட்டிப் பக்கத்தில் பிடிக்க, தங்கை ஸ்டார்ட்டரைத் திருகினாள். நூற்று எண்பத்து மூன்றாவது சாவிக்கு எஞ்சின் ஓடியது. இரண்டு விநாடியில் நிற்காமல், உறுமலை உயர்த்திக்கொண்டே போய், அந்த உயரத்திலேயே நின்று கத்தியது. ஆக்ஸிலேட்டரில் யாரும் கால் வைத்திருக்கவில்லை.

அவள் மறுபடி படித்தாள். "பின் கதவு திறந்திருக்குன்னு நினைக்குது. கதவு திறந்தா குளிர் போயிடும், அதனால வேகமா ஓடுது."

அவள் ஒரு சாண் ஒயரை வெட்டி இரண்டு முனைகளைச் சேர்த்து முறுக்கி டேப் ஒட்டினாள். எஞ்சின் சட்டென்று தணிந்து சாதுவாக ஓடத் தொடங்கியது.

"என்ன பண்ணினே?" என்றார் அண்ணன்.

"கதவு மூடியிருக்குன்னு சொல்லிட்டேன்."

"பொய்தானே அது?"

"கதவே இல்லையே அண்ணே. பொய்யும் இல்ல."

பட்டறை முற்றத்தில் முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்தார்கள். ஓடியது. மிதித்தால் நின்றது. பட்டாளம் சீட்டில் ஒரு தலையணை போட்டு உட்கார்ந்திருந்தார், கால் வசதிக்காக. முகத்தில் இருந்த களையைப் பார்த்தால், உயரம் அளந்த ஆட்கள் யாராவது அந்தப் பக்கம் வந்தால் தேவலை என்று எதிர்பார்த்த மாதிரி இருந்தது. பூ வர இன்னும் மூன்று வாரம் இருந்தது.

மறுநாள் வெளியே ஒரு சுற்று போனார்கள். லேசான தூறல். பட்டாளம் ஓட்ட, லேத்துக்காரர் பக்கத்தில். பட்டாளம் வைப்பரைப் போட்டார். அரதப் பழசான வைப்பர். ஆனால் இரண்டு கையும் கண்ணாடியை அடித்துத் துடைத்த வேகத்தைப் பார்த்தால் நேற்றுப் பொருத்தியது என்றே சொல்லலாம்.

"பாருங்க மாப்பிள்ளை, வைப்பர்கூட எப்படி வேலை செய்யுது."

தண்ணீர்த் தொட்டி தாண்டி ரோடு இறங்கும். முழு இறக்கம். பட்டாளம் பிரேக்கை மிதித்தார். மிதி கல் மாதிரி நின்றது. கியரைக் குறைக்கப் பார்த்தார். கியர் ஒரு கத்து கத்திவிட்டு எதிலும் விழாமல் நடுவில் நின்றுகொண்டது. இனி லாரியை எதுவும் பிடித்திருக்கவில்லை.

"நிக்கலை மாப்பிள்ளை" என்றார், டீ ஆறிப்போச்சு என்று சொல்கிற குரலில்.

"மிதிங்க மச்சான்."

"மிதிச்சுட்டுத்தான் இருக்கேன்."

உண்மைதான். அவர் தலையணையை விட்டு எழுந்து, ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, இரண்டு காலாலும் பிரேக்கின் மேல் நின்றுகொண்டிருந்தார். இடது பக்கம் வரிசையாகக் கடைகள். வலது பக்கம் கட்டிக்கொண்டிருந்த ஒரு வீடு, அதன் முன்னால் ரோட்டோரம் ஒரு மணல் குவியல், அதை ஒட்டி ஜல்லிக் குவியல். பட்டாளம் வலது பக்கம் திருப்பினார். லாரி மணலில் மூக்கை நுழைத்து, மணலை ஜல்லியின் மேல் தள்ளி, ஜல்லியோடு கொஞ்ச தூரம் போய் நின்றது. எஞ்சின் அணையவில்லை. நின்ற இடத்தில் ஓடுவது அதற்குப் பழக்கம். வைப்பரும் நிற்கவில்லை.

வீட்டுக்குள்ளிருந்து மேஸ்திரி வந்தார். கையில் கரண்டி. லாரியைப் பார்த்தார், மணலைப் பார்த்தார்.

"ரெண்டையும் தனித்தனியாத்தானே கொட்டச் சொல்லியிருந்தேன்" என்றார்.

யாருக்கும் அடிபடவில்லை. பட்டாளம் இறங்கி, மேஸ்திரியிடம் மன்னிப்புக் கேட்டு, காலில் ஏறிய மணலைத் தட்டிவிட்டு, லாரியைத் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தார். லேத்துக்காரர் மட்டும் சீட்டிலேயே உட்கார்ந்து வைப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

அந்தக் காலத்து லாரியில் வைப்பரும் பிரேக்கும் இரண்டுமே எஞ்சின் உறிஞ்சும் காற்றில் வேலை செய்தவை. மெல்லிய குழாய் ஒன்று வைப்பருக்குப் போகும். தடித்த குழாய் ஒன்று பிரேக்குக்குப் போகும். அந்த உறிஞ்சல் இருந்தால்தான் மனுஷன் காலுக்கு லாரி நிற்கும். முற்றத்தில் நடை வேகத்தில் போனபோது வெறும் கால் பலமே போதுமானதாக இருந்திருக்கிறது. டீசல் எஞ்சினில் உறிஞ்சுவதற்கென்று தனியாக ஒரு பம்பு இருந்தது. அதை அவர் மெல்லிய குழாயில் சேர்த்திருந்தார். தடித்ததை வேண்டாத குழாய் என்று நினைத்து, நல்ல போல்ட்டாகப் பார்த்து, பசை தடவி, இறுக்கி அடைத்திருந்தார். தன் கையால்.

லாரி பட்டறைக்கு இழுத்து வரப்பட்டது. பட்டாளம் வரவில்லை. மறுநாள் பத்து மணிக்கும் வரவில்லை. ஸ்டூல் காலியாக இருந்தது. நாலாம் நாள் மனைவி சாப்பிடும்போது சொன்னாள்: "அண்ணன் லாரியை விக்கப் போறாங்களாம். கல் உடைக்கிற இடத்துலேர்ந்து ஆள் வந்து பார்க்கப் போறாங்களாம், வர்ற ஞாயித்துக்கிழமை."

"ஏன்?"

"பிரேக்குக்குப் பதிலா கிளட்ச்சை மிதிச்சுட்டேன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டு இருக்காங்க. பெரிய வண்டி, கால் எட்டலை, நமக்கு அதெல்லாம் சரிப்படாதுன்னாங்க."

லேத்துக்காரர் சாப்பிட்டார். ஒரு வார்த்தை பேசாமல் இருந்தால் போதும், லாரி போய்விடும். பட்டறைக்கு வெளிச்சம் திரும்பும். பம்பு ஷாஃப்ட்டுகள் திரும்பி வரும். யாரும் எதையும் கேட்கப் போவதில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருப்பது பொய் ஆகாது என்று ஒரு யோசனை வந்தது. அதில் ஏதோ ஓட்டை இருந்தது, எங்கே என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

"வைப்பர் ரொம்ப நல்லா ஓடுச்சாமே" என்றாள் மனைவி.

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் உறிஞ்சும் மிஷின்களைக் கழற்றி மாட்டுகிறவள். அவள் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அன்றும் இல்லை, மறுநாளும் இல்லை. அது அவருக்குத் திட்டு வாங்குவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

ஆறாம் நாள் காலை லேத்துக்காரர் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு மச்சான் வீட்டுக்குப் போனார். பட்டாளம் கொல்லையில், தலையிலிருந்து தோள்வரை வலை மாட்டிக்கொண்டு, ஒரு பெட்டியைத் திறந்து தேனடைச் சட்டங்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் தேனீ. லேத்துக்காரர் பத்தடி தள்ளி நின்றார்.

"கிட்ட வராதீங்க மாப்பிள்ளை. இன்னிக்குக் கொஞ்சம் கோவமா இருக்கு."

"மச்சான், நீங்க பிரேக்கைத்தான் மிதிச்சீங்க."

வலை அசையவில்லை.

"நான்தான் பிரேக் குழாயை அடைச்சுட்டேன். வைப்பர் குழாயை மட்டும் சேர்த்துட்டு அதை அடைச்சுட்டேன். நீங்க இல்ல, யார் மிதிச்சிருந்தாலும் நின்னிருக்காது. ஆறு அடி ஆள் மிதிச்சிருந்தாலும் நின்னிருக்காது. மணலைப் பார்த்துத் திருப்பினீங்க பாருங்க, அதனாலதான் நாம ரெண்டு பேரும் இருக்கோம்."

இவ்வளவு நீளமாக அவர் மச்சானிடம் பேசியதில்லை. பேசி முடித்ததும் என்ன செய்வதென்று தெரியாமல் கையைத் துடைத்துக்கொண்டார். பட்டாளத்தின் முகம் வலைக்குள் இருந்தது. வலைக்கு வெளியே தேனீக்கள் ஊர்ந்தன. அவர் கையிலிருந்த சட்டத்தை மெதுவாகப் பெட்டிக்குள் இறக்கினார். அடுத்ததைத் தூக்கினார். அதையும் பார்த்துவிட்டு இறக்கினார்.

"எப்பத் தெரிஞ்சுச்சு?"

"மணல்ல நின்னப்பவே."

"ஆறு நாளா?"

"ஆறு நாள்."

பட்டாளம் பெட்டியை மூடி, மேலே ஒரு செங்கல்லை வைத்தார். "நான் அந்த ஆறு நாளும் ராத்திரி படுக்கையில காலை நீட்டி நீட்டிப் பார்த்துட்டு இருந்தேன் மாப்பிள்ளை" என்றார். "எட்டுற மாதிரிதான் இருந்துச்சு."

லேத்துக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அந்த மேஸ்திரிகிட்ட நீங்க வந்து சொல்லணும்."

"என்னன்னு?"

"என் மேல தப்பு இல்லன்னு. நேர்ல சொல்லணும். நானும் நிப்பேன்."

போனார்கள். மேஸ்திரி சாரத்திலிருந்து இறங்கி வந்து, கைகளைக் கட்டிக்கொண்டு கேட்டார். லேத்துக்காரர் மெல்லிய குழாயிலிருந்து ஆரம்பித்து, தடித்த குழாய், பம்பு, போல்ட், பசை எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். பட்டாளம் பக்கத்தில் விறைப்பாக நின்றார். மேஸ்திரி கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.

"சரிங்க" என்றார். "மணலையும் ஜல்லியையும் யார் பிரிச்சுத் தருவீங்க?"

அதை மச்சானும் மாப்பிள்ளையும் பிரித்துக் கொடுத்தார்கள். மேஸ்திரியே சல்லடை கொடுத்தார். அன்றே காலை பத்து மணிக்கு ஆரம்பித்து மூன்று மணிவரை ஒருவர் அள்ளிப் போட, ஒருவர் சலித்தார். பேச்சு அதிகம் இல்லை. பன்னிரண்டு மணி வாக்கில் பட்டாளம், தூக்குங்க என்று சொல்வதற்குப் பதிலாக, "கிளட்ச்" என்றார். லேத்துக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதைப் பார்த்துப் பட்டாளமும் சிரித்தார். கல் உடைக்கும் இடத்து ஆளிடம் லாரி விற்பனைக்கு இல்லை என்று அன்று சாயங்காலம் சொல்லிவிட்டார்கள்.

லேத்துக்காரர் அந்தப் போல்ட்டை எடுக்கப் பட்ட பாடு தனிக்கதை. அவ்வளவு நன்றாக அடைத்திருந்தார். பித்தளையில் மூன்று வாயுள்ள ஒரு இணைப்பைக் கடைந்து, பம்பிலிருந்து பிரேக்குக்கும் வைப்பருக்கும் பிரித்துவிட்டார். தண்ணீர்த் தொட்டி இறக்கத்தில் தானே ஓட்டி ஒன்பது தடவை நிறுத்திப் பார்த்தார். பத்தாவது தடவை பட்டாளத்தை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

பூ விட்ட மூன்றாம் நாள் விடியற்காலை எண்பத்திரண்டு பெட்டியும் ஏறின. முந்தின நாள் பொழுது சாயும்போதே பெட்டி வாசல்களை அடைத்து, ஒவ்வொரு மூடிக்கும் குறுக்கே இரண்டு கயிறு போட்டிருந்தார் பட்டாளம். மலை ரோட்டில் லாரி ஓட்டப்பந்தயத்துக்குப் போகவில்லை. சைக்கிள்காரர் ஒருவர் தாண்டிப் போனார். அப்புறம் ஏற்றத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு நின்றபோது இவர்கள் அவரைத் தாண்டினார்கள். முதல் கியரில் நாலு சக்கரமும் கடித்துக்கொண்டு ஏறின. வெப்பமானி முள் பாதிக்கு மேல் போகவில்லை. பின்னால் எண்பத்திரண்டு பெட்டியின் ரீங்காரம் எஞ்சின் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

சரிவில் பெட்டிகளை இறக்கி வரிசை வைத்து வாசல்களைத் திறந்தார்கள். தேனீக்கள் வெளியே வந்து, வழி தெரியாத ஆட்கள் மாதிரி பெட்டி முன்னாலேயே கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு, ஒவ்வொன்றாக மேலே மரத்துக்குப் போயின. ஒன்று மட்டும் லேத்துக்காரரின் காதைத் தேர்ந்தெடுத்தது.

"நான் பூ முடியற வரைக்கும் இங்கதான் இருக்கணும்" என்றார் பட்டாளம், கூடாரத் துணியை விரித்துக்கொண்டே. "லாரியை நீங்க கீழே கொண்டு போயிருங்க. இங்க நின்னா மழையில துரு ஏறும்." கொஞ்சம் யோசித்தார். "சும்மா ஸ்டார்ட் பண்ணி நிறுத்தி வைக்காதீங்க. அதுக்கு ஓடணும்."

தலையணையை எடுத்து மச்சானிடம் கொடுத்துவிட்டு லேத்துக்காரர் தனியாகக் கீழே இறங்கினார். பதினேழு வளைவு. ஒவ்வொன்றிலும் நிதானமாக மிதித்தார், ஒவ்வொன்றிலும் நின்றது. பாதி வழியில் ஒரு ஆட்டு மந்தை ரோட்டை அடைத்துக்கொண்டு போனது. கடைசி ஆடு கடக்கும்வரை ஹாரன் அடிக்காமல் காத்திருந்தார். வண்டி பெரிதாக இருந்ததால் மேலிருந்து எல்லா ஆட்டின் முதுகும் தெரிந்தது.

வீட்டுக்கு வந்தபோது மனைவி வாசல் படியில் நின்று காதைப் பார்த்தாள். அது பழுத்த நிறத்தில் இரண்டு மடங்கு ஆகியிருந்தது.

"எப்படி இருந்துச்சு?"

"சத்தம் ஜாஸ்தி."

"வலது காதுல கேக்குதா?"

"எது வலது காது?"

அவள் அவரை வெளிச்சத்துக்கு இழுத்து உட்கார வைத்து, மிஷின் சுத்தம் செய்கிற மெல்லிய இடுக்கியைக் கொண்டு வந்து, ஆடாம இருங்க என்றாள். அவர் ஆடாமல் இருந்தார். கொடுக்கு ஒரே இழுப்பில் வந்துவிட்டது.